பாதி வாக்கியத்தில் அணைந்த திரை

காது கேளாத யாருக்காவது ஆஸ்பத்திரியிலோ பேங்க்கிலோ கோர்ட்டிலோ வேலை வந்தால், முதல் மெசேஜ் டைப்பு அக்காவுக்குத்தான் போகும். அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்காருவாள். எதிரில் இருப்பவர் பேசப் பேச, அது அப்படியே பெரிய எழுத்தில் திரையில் ஓடும். காது கேளாதவர் படித்துக்கொள்வார். இருமினால்கூட 'இருமுகிறார்' என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுவாள். "சொன்னதெல்லாம் வரும், சொல்லாதது வராது" என்பது அவள் போகிற இடமெல்லாம் சொல்லி வைக்கிற விதி.

ஆரம்பத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தவள். ஒரு நாள் காது கேளாத பெண்ணொருத்தி, கேட்ட கேள்விக்கெல்லாம் தலையை ஆட்டி, ஒன்றும் புரியாமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதைப் பார்த்தாள். அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மெல்ல மெல்ல இதுவே அவள் வேலையாகிவிட்டது. கணவர் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தார். இரண்டு பேருடைய வேலையும் ஒரே பெரிய வெட்டு மேஜையில்தான் நடந்தது.

அந்த லேப்டாப்புக்கு வயதாகிவிட்டிருந்தது. பேட்டரி நாற்பது சதவீதம் என்று காட்டும். கண்ணை மூடித் திறப்பதற்குள் பொட்டென்று அணைந்துவிடும். அதனால் எங்கே போனாலும் முதலில் ஆளைப் பார்க்க மாட்டாள், பிளக் பாயிண்ட் எங்கே என்றுதான் பார்ப்பாள். பையில் நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று எப்போதும் கிடக்கும். "மாத்தணும், மாத்தணும்" என்று சொல்லிக்கொண்டே நாளைக் கடத்தினாள்.

வினை டிரைவர் அண்ணனோடு போன அன்று வந்தது.

டிரைவர் அண்ணன் ரிட்டையர் ஆன பஸ் டிரைவர். வருஷக் கணக்காக இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து காது சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் வாய் ஓயாது. தன் சத்தம் தனக்கே கேட்காததால் நாலு வீடு கேட்கப் பேசுவார். கொஞ்ச காலமாகத் தொண்டை கட்டியே இருந்தது. டெஸ்ட் எடுத்ததில் குரல்வளையில் புற்றுநோய் என்று வந்தது. என்ன செய்யலாம் என்று டாக்டர் சொல்லப்போகிற நாள் அது.

வழக்கமான அறையில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவரையும் அவர் மனைவியையும் டைப்பு அக்காவையும் வேறொரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். இருந்த ஒரே பிளக் பாயிண்ட் இரும்பு அலமாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. பேட்டரி பாதிக்கு மேல் காட்டியது. சமாளித்துவிடலாம் என்று நினைத்துவிட்டாள்.

டாக்டர் நிதானமாகத்தான் பேசினார். "ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். இப்பவே எடுத்தா முழுசா குணமாகும்."

அதுவரை திரையில் வந்தது. அதோடு திரை கருத்தது.

டாக்டர் அதைக் கவனிக்கவில்லை. "ஆனா குரல்வளையை மொத்தமா எடுக்கணும். அப்புறம் பேச்சு வராது. கருவி வெச்சுப் பேசப் பழகலாம், ஆனா காது கேக்காதவங்களுக்கு அது ரொம்பக் கஷ்டம். அடுத்த வாரம் வாங்க, கையெழுத்து வாங்கிட்டுத் தேதி குறிச்சிடலாம்." நர்ஸ் வந்து காதில் ஏதோ சொல்ல, அவசரமாக எழுந்து போய்விட்டார்.

டிரைவர் அண்ணன் கருத்த திரையைப் பார்த்துச் சிரித்தார். "என்ன தங்கச்சி, வண்டி நின்னுடுச்சா? பரவால்ல, ஸ்டாப்பிங் வந்துதான் நின்னிருக்கு! முழுசா குணமாகும்னு போட்டுச்சே, அது போதும் எனக்கு."

டைப்பு அக்கா பையில் பேனாவைத் துழாவினாள். அந்தக் கையை இன்னொரு கை வந்து பிடித்தது. டிரைவரின் மனைவி. முகம் வெளுத்திருந்தது.

"இப்போ வேணாம்மா. நான் பக்குவமா சொல்லிக்கிறேன். பேட்டரி போயிடுச்சுன்னே இருக்கட்டும்."

"அண்ணி, அது என் வேலைக்கே தப்பு."

"தெரிஞ்சா மனுஷன் ஆபரேஷனே வேணாம்னு ஓடிடுவாரு. பேசாம இருக்கத் தெரியாதவரு அவரு. உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

டிரைவர் அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன ரகசியம் ஓடுது?" என்று அறை அதிரக் கேட்டார். டைப்பு அக்கா செத்துப்போன லேப்டாப்பை உயர்த்திக் காட்டி உதட்டைப் பிதுக்கினாள். அவர் தலையாட்டிக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் அவரிடமிருந்து மெசேஜ் வந்தது. 'டாக்டர் கடைசியில் வேறு ஏதோ சொன்னாரே தங்கச்சி, வாய் அசைந்ததே?' அவள் அடித்தாள்: 'பேட்டரி போய்விட்டது அண்ணே. அடுத்த வாரம் மறுபடி கேட்டுவிடலாம்.' அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் அவளை அரித்தது. அண்ணிக்குப் போன் போட்டாள். "இன்னும் சொல்லலம்மா, வாய் வரல" என்றாள் அண்ணி. ஒவ்வொரு நாளும் அதே பதில்.

முதலில் பேட்டரியையாவது ஒழுங்கு பண்ணுவோம் என்று கடைத்தெருவுக்குப் போனாள். வரிசையாகக் கம்ப்யூட்டர் கடைகள். முதல் கடைக்காரன் லேப்டாப்பைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மாடல் பெயரைக் கேட்டான், ஒரு டப்பாவை எடுத்து வைத்தான். "ஒரிஜினல் மேடம். டப்பாவைப் பாருங்க, எப்படிப் பளபளன்னு இருக்கு." அவசரத்தில் இருப்பவளுக்குப் பளபளப்பே போதுமாக இருந்தது. அங்கேயே மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

இரண்டு நாள் நன்றாகத்தான் ஓடியது. மூன்றாம் நாள் டச்பேட் அமுங்கவில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கணவர்தான் மேஜை மேல் துணியை விரிக்கும்போது லேப்டாப் ஆடுவதைப் பார்த்தார்.

"ஏம்மா, உன் லேப்டாப் வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்குது?"

குனிந்து பார்த்தாள். அடிப்பக்கம் புடைத்து, ஓரத்தில் இடைவெளி விட்டிருந்தது. தொட்டால் சுட்டது. சுற்றிலும் வெட்டிய துணி, லைனிங், பஞ்சு. ஒரு பொறி பட்டால் வீடே போய்விடும். சார்ஜரைப் பிடுங்கி, அணைத்து, தூக்கிக்கொண்டு ஓடி பால்கனியின் சிமெண்ட் தரையில் வைத்தாள். கணவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அப்போதுதான் டிரைவர் அண்ணன் விஷயத்தை அவரிடம் கொட்டித் தீர்த்தாள்.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "உன்னை வரச்சொல்லிக் கூப்பிட்டது யாரு? அந்தம்மாவா, அவரா?" என்றார்.

"அவருதாங்க."

"அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டார்.

பேட்டரி விற்றவன் கையை விரித்துவிட்டான். கடைசியில் அதே தெருவின் மாடியில் இருந்த ரிப்பேர் கடைக்குப் போனாள். ரிப்பேர்காரர் லேப்டாப்பைப் பார்த்ததுமே சிகரெட்டை அணைத்தார். "அமுக்காதீங்க, கீழ வைங்க." மெதுவாகத் திறந்து, தலையணை போல் உப்பியிருந்ததை வெளியே எடுத்து, மணல் போட்ட தகர டப்பாவுக்குள் வைத்தார்.

"நல்லதா ஒண்ணு கிடைக்குமா? உண்மையைச் சொல்லுங்க" என்று கேட்டாள்.

"கம்பெனி இந்த மாடலுக்குப் பேட்டரி போடறதை நிறுத்தியாச்சு. ஒரிஜினல்னு யாராவது நீட்டினா, அது எத்தனை வருஷமா டப்பாக்குள்ள கிடக்கோ! சும்மா கிடந்தாலும் கெட்டுப்போகும்." அவள் கொண்டுவந்திருந்த முதல் பேட்டரியின் ஸ்டிக்கரில் இருந்த நம்பரைக் காட்டினார். "மாடல் பேரை நம்பாதீங்க, இந்த நம்பரும் வோல்டேஜும் ஒத்துப்போகணும். வேற கம்பெனிதான், ஆனா தயாரிச்ச மாசமும் அட்ரஸும் போட்டு விக்கிறவன்கிட்ட வரவழைச்சுத் தர்றேன். சரியில்லன்னா திருப்பி எடுத்துக்குவான். எனக்கும் ஒரு தடவை இதுல அடிபட்டிருக்கு, அதனால சொல்றேன்."

புதுப் பேட்டரி வந்ததும் அவள் அதை வாங்கிக்கொண்டு ஓடவில்லை. முழுசாக சார்ஜ் ஏற்றி, வயரைப் பிடுங்கிவிட்டு, அந்தக் கடையிலேயே ஓர் ஓரமாக உட்கார்ந்தாள். கடை ரேடியோவில் யாரோ உரம் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதை அப்படியே அடித்தாள். பிறகு செய்தி, பிறகு விளம்பரம், பிறகு பாட்டு. வருகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ரிப்பேர்காரர் நடுவில் டீ வாங்கிக் கொடுத்தார். பேட்டரி எண்பது, எழுபது என்று படிப்படியாக இறங்கியது. எங்கேயும் குதிக்கவில்லை. பத்துக்கு வந்ததும் திரையில் எச்சரிக்கை காட்டி, அதன் பிறகும் நிறைய நேரம் ஓடியது. சூடும் ஏறவில்லை. அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இனிமேல் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு இல்லை என்றுதான் மனசில் பட்டது.

குறித்த நாளில் ஆஸ்பத்திரி வாசலிலேயே அண்ணியைப் பிடித்தாள். "அண்ணி, இன்னைக்கு டாக்டர் சொல்றது எல்லாமே வரும்." அண்ணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே போனதும் டாக்டரிடம் சொன்னாள். "சார், போன தடவை பாதியில ஸ்கிரீன் போயிடுச்சு. அவருக்கு மிச்சம் தெரியாது. முதல்லேருந்து சொல்லுங்க." சொன்னதைத் திரையிலும் அடித்தாள்.

டாக்டர் சொன்னார். அவள் விரல் ஓடியது. 'குரல்வளையை மொத்தமாக எடுக்க வேண்டும்.' 'அதன் பிறகு பேச்சு வராது.' டிரைவர் அண்ணன் படித்தார். மறுபடி படித்தார். பிறகு முதல் தடவையாகத் தணிந்த குரலில் கேட்டார்.

"தங்கச்சி. அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

'தெரியும்' என்று அடித்தாள்.

மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கும்?" அண்ணி அழுதாள்.

"நான் ஓடிடுவேன்னு நினைச்சீங்களா? பேச்சு போனாலும் உயிர் வேணும்னு சொல்ற ஆளுதான் நான். ஆனா பேசி முடிக்க வேண்டியது எவ்வளவு இருக்கு! ஒரு வாரத்தைத் தின்னுட்டீங்களே ரெண்டு பேரும்."

அதையும் அவள் அடித்தாள். விரல் தானாக அடித்துவிட்டது. கையெழுத்துப் போட்டார். தேதி பக்கத்திலேயே கிடைத்தது. தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியே வரும்போது டிரைவர் அண்ணன் அவளிடம் ஒன்றும் பேசவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அண்ணி போனில் சொன்னாள். அவரிடமிருந்து மெசேஜ் வரவில்லை. டைப்பு அக்கா ஒன்றை அனுப்பினாள், மன்னிப்புக் கேட்டு. பார்த்ததற்கு அடையாளம் காட்டியது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வேலைக்குப் போகும் இடங்களில் உட்காருவதற்கு முன்பே எல்லோரிடமும் ஒன்று சொல்ல ஆரம்பித்தாள்: திரை நின்றால் நான் கையைத் தூக்குவேன், மறுபடி வரும்வரை யாரும் பேசக் கூடாது. சிலர் முகம் சுளித்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் ஒரு நாள் அண்ணி ரவிக்கைத் துணியோடு வீட்டுக்கு வந்தாள். டிரைவர் அண்ணன் தேறிவிட்டாராம். நடக்கிறாராம், கஞ்சியிலிருந்து சோற்றுக்கு வந்துவிட்டாராம். எது வேண்டுமானாலும் போனில் எழுதிக் காட்டுகிறாராம்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி கிடைச்ச நாளெல்லாம் என் போன்ல பேசிப் பேசிப் பதிஞ்சு வெச்சிருக்காரும்மா. தண்ணி மோட்டார் சுவிட்சு எப்படிப் போடணும்னு ஒண்ணு. என்னைத் திட்டி ஒண்ணு. ஒரு பாட்டுகூட இருக்கு, கண்றாவியா. அவரு தூங்கும்போது போட்டுக் கேக்குறேன்."

அண்ணி ரவிக்கைத் துணியை மேஜை மேல் வைத்தாள்.

"கடைசியா பேசினதுல, நம்ம கல்யாணம் முடிவான அன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமான்னு ஆரம்பிக்கிறாரு. தொண்டை கட்டிக்குது. மிச்சத்தை நாளைக்குச் சொல்றேன்னு நிறுத்திட்டாரு. மறுநாள் காலையிலேயே அட்மிஷன்னு கூப்பிட்டுட்டாங்க. இப்போ எழுதிக் காட்டுங்கன்னு கேட்டேன். அது எழுதுற விஷயம் இல்லன்னு எழுதிக் காட்டுறாரு."

சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. கணவர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, அளவு நாடாவை மனைவியின் கையில் கொடுத்தார். அவள் அண்ணியின் தோளுக்கு அதை வைத்தாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், அளவெடுத்து முடியும்வரை அப்படியே நின்றார்கள்.