நல்ல தண்ணிக் குழாய்

என்னை ஓரிடத்தில் ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னால் கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். இதற்காக வீட்டில் வாங்கிய திட்டுக்கு அளவே இல்லை. அன்றைக்குத் தண்டலம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மேடையேற்றி உட்கார வைத்திருந்தார்கள். மேசைத் துணி தரைவரை தொங்கியதால் கால் ஆடுவது யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து நாற்காலிக்காரர் மட்டும் அவ்வப்போது தன் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டார்.

அறிவியலிலும் தொழில்முனைவிலும் இருக்கும் பெண்கள் தங்கள் வேலையைப் பற்றி மாணவிகளிடம் பேச வேண்டும். மூன்று பேர். ஒருவர் மருந்து ஆராய்ச்சி செய்பவர். இன்னொருவர் பழைய சேலையில் பை தைக்கும் நிறுவனம் நடத்துபவர். மூன்றாவது நான். நிகழ்ச்சி நடத்துநர் முதல் ஆளிடமே, "வீட்டையும் லேபையும் எப்படிங்க மேடம் சமாளிக்கிறீங்க? சமையல் யாரு?" என்று கேட்டார். "பசிக்கிறவங்க" என்றார் அவர். கைதட்டல் அடங்க வெகு நேரமானது. நானும் தட்டினேன், ஆனால் என் மனசு அங்கே இல்லை. மடியில் கவிழ்த்து வைத்திருந்த போனில் இருந்தது.

நான் வேதியியல் படித்தவள். ஒரகடத்தில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலை லேபில் பல வருடம் இந்த வெள்ளையும் அந்த வெள்ளையும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பளம் நல்ல சம்பளம்தான். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை, விட்டுவிட்டு வந்தேன். இப்போது வல்லம் வடகாலைச் சுற்றி, கம்பெனி வேலைக்கு வந்த பெண்கள் தங்கும் விடுதிகளில் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் வைத்து, ஊர்ப் பெண்களைக் கொண்டு அதைப் பராமரித்து, தண்ணீரைச் சோதித்துச் சொல்கிறோம். 'நாங்கள்' என்பது நானும் என் கூட்டாளியும். அவள் அந்த ஊர்க்காரி, அவளும் கெமிஸ்ட்ரிதான். அவர்கள் நிலத்தில் இப்போது ஒரு கார் உதிரிபாகக் கம்பெனி நிற்கிறது. "எங்க கேணி இருந்த எடத்துல அவங்க கேன்டீன் கீதுக்கா" என்பாள், சிரித்துக்கொண்டேதான். எங்களைக் கல்லூரிக்காரர்கள் 'சமூக நிறுவனம்' என்று குறிப்பிட்டிருப்பதைச் சொன்னபோது, "சமூகமா? நாம ரெண்டு பேர்தானே கீறோம்" என்றாள்.

அந்த வாரம் எங்களுக்கு ஒரே கவலை. ஒரு விடுதியில் போர்வெல் தண்ணீர் எங்கள் மெஷின் வழியாக வந்தாலும் லேசாகக் கரிக்கும். குடித்தால் ஒன்றும் ஆகாது, ஆனால் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. விடுதிக்காரர் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் டேங்கர் தண்ணீர் வரவழைத்து, தனித் தொட்டியில் நிரப்பி, இரண்டாவதாக ஒரு குழாய் போட்டுவிட்டார். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். விஷயம் தெரிந்ததும் நாங்கள் ஓடிப்போய் இரண்டு குழாயிலும் தண்ணீர் பிடித்து, மருந்து போட்ட குப்பிகளில் ஊற்றி வைத்தோம். கழிவு கலந்திருந்தால் மறுநாள் குப்பி கறுத்துவிடும். அந்த மறுநாள்தான் நான் மேடையில் உட்கார்ந்திருந்தேன்.

பை தைப்பவர் பேசிக்கொண்டிருந்தபோது கூட்டாளியின் செய்தி வந்தது. 'டேங்கர் தண்ணி கன்னங்கரேல்னு ஆய்டுச்சு. மெஷின் தண்ணி சுத்தம். காலைலயே வார்டன்கிட்ட சொல்லிட்டேன், மூடிட்டாங்க.' அப்பாடா என்று இருந்தது. காலும் கொஞ்சம் நின்றது.

என் முறை வந்தது. நிம்மதியில் எனக்கு வாய் நீண்டுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். "அறிவியலை மக்கள்கிட்ட கொண்டுபோறது பெரிய வித்தை எல்லாம் இல்லை. நாங்க கோலிஃபார்ம், பாக்டீரியான்னு சொல்லி யாரையும் மிரட்டுறதில்லை. தண்ணி நல்லா இருக்கு, தண்ணி நல்லா இல்ல. அவ்வளவுதான் எங்க ரிப்போர்ட்" என்றேன். அதற்கும் கைதட்டினார்கள்.

முன்வரிசைக்குப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "மேம், எங்க வூட்ல நல்ல தண்ணின்னா உப்பில்லாத தண்ணி. நீங்க நல்லா இல்லன்னு சொன்னா, உப்புத் தண்ணியத்தான் சொல்றீங்கன்னு நெனச்சுக்க மாட்டாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினேன். இதுவரை எங்கள் விடுதிகளில் எல்லாம் ஒரே குழாய்தான். நல்லா இல்லை என்றால் அந்தக் குழாய். இந்த விடுதியில்தான் முதல்முறையாக இரண்டு.

மைக் முன்னாலேயே கூட்டாளியைப் போனில் கூப்பிட்டேன். "வார்டன்கிட்ட என்ன சொன்னே? அப்படியே சொல்லு."

"எப்பவும் சொல்றதுதான்க்கா. ஒரு குழா தண்ணி நல்லா இல்ல, குடிக்காதீங்க, மூடிடுங்கன்னேன்."

"எந்தக் குழாய்னு சொன்னியா?"

"அவங்களே சொல்லிட்டாங்கக்கா. ஆமாமா, எங்களுக்குத் தெரியாதா, வாயிலயே வைக்க முடியலன்னு..." சொல்லிக்கொண்டே வந்தவள், "ஐயய்யோ" என்றாள்.

மன்னிப்புக் கேட்டேனா என்று ஞாபகமில்லை. நடத்துநர் நினைவுப் பரிசோடு கொஞ்ச தூரம் பின்னால் வந்தார். வார்டனுக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் ஷிப்ட் பஸ் ஏற்றிவிடுகிற நேரத்தில் அந்த அம்மா போனைச் சார்ஜில் போட்டுவிட்டு வாசலில் நிற்பார். கூட்டாளி ஒரகடத்தில் ஒரு மெஷினைப் பிரித்துப் போட்டிருந்தாள். ஸ்கூட்டரை எடுத்தேன். நெடுஞ்சாலையைத் தாண்டி, ஸ்ரீபெரும்புதூர் சிக்னலைத் தாண்டி, வல்லம் வடகால் பக்கம் திரும்பினால் முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி வழிவிடாமல் போய்க்கொண்டிருந்தது. அந்த லாரிக்காரரை நான் திட்டியதை இங்கே எழுத முடியாது. எவ்வளவு வேகமாகப் போனாலும் மண்டைக்குள் ஒன்றே ஓடியது. நல்ல குழாயை நாங்களே மூட வைத்திருக்கிறோம். குடிக்க இப்போது அங்கே கழிவுத் தண்ணீர் மட்டும்தான் இருக்கிறது.

விடுதி வாசலில் பஸ் நின்றுகொண்டிருந்தது, இன்ஜினை நிறுத்தவில்லை. எங்கள் மெஷின் குழாயில் வார்டன் துணி சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார். பக்கத்துக் குழாயில் யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் பாட்டில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "அந்தத் தண்ணி வேணாம், ஊத்திடுங்க" என்று கத்தினேன். ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். "உப்புத் தண்ணியக் காலைலயே கட்டியாச்சு மேடம்" என்றார் வார்டன், பாராட்டு எதிர்பார்க்கிற முகத்தோடு.

"அது இல்லம்மா, இதுதான் கெட்டுப்போயிருக்கு."

ஒரு பெண் பாட்டிலை மூக்கருகில் கொண்டுபோனாள். "கெட்டுப்போகலயேக்கா, ஒரு வாடையும் இல்ல." கண்ணாடி மாதிரி இருந்தது தண்ணீர். கோலிஃபார்ம் என்றேன். கிருமி என்றேன். டிரைவர் ஹாரன் அடித்தார். பிள்ளைகள் மூடியைத் திருகிக்கொண்டு படியேறினார்கள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பஸ் படியில் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"பீ! அந்தத் தண்ணியில பீ கலந்திருக்கு!"

ஜன்னல் ஜன்னலாகப் பாட்டில்கள் கவிழ்ந்தன. "ச்சீ", "ஐய", "அம்மா" என்று எல்லாக் குரலும் ஒன்றாகக் கேட்டது. ஒருத்தி ஓடிவந்து வேலியோரம் உமிழ்ந்தாள். வார்டன் வாயைப் பொத்திக்கொண்டு திண்டில் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். நான் வாங்கிய பட்டமும் வெள்ளையை வெள்ளையோடு ஒப்பிட்ட வருடங்களும் செய்யாததை அந்த ஒரு சொல் செய்துவிட்டது. படியிலேயே சிரிப்பு வந்தது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

துணியை அவிழ்த்து மெஷின் குழாயைத் திறந்துவிட்டேன். பிள்ளைகள் பாட்டிலை அலசி, முகம் சுளித்துக்கொண்டே பிடித்தார்கள். கடைசியில் ஒரு பெண் வந்தாள். ராமநாதபுரம் பக்கம், இன்னும் டிரெய்னிங் முடியவில்லை. டிரெய்னிங்கில் லீவு போட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். அவள் மட்டும் முகம் சுளிக்காமல் பிடித்து, அங்கேயே நின்று மடக் மடக்கென்று குடித்தாள்.

"உனக்குக் கரிக்கலையா?" என்றேன்.

"எங்க ஊருத் தண்ணி இதவிடக் கரிக்கும்க்கா. நான் இந்தக் குழாயிலதான் எப்பவும் பிடிப்பேன். அந்தத் தண்ணி எனக்குச் சப்புனு இருக்கும், தொடவே மாட்டேன்." பாட்டிலை மூடினாள். "இன்னைக்குத்தான், இது ஆகாதுன்னு நீங்க டெஸ்ட் பண்ணிச் சொன்னீகன்னு வார்டன் கட்டிப்புட்டாக. அதான் வேற வழியில்லாம காலையிலயிருந்து அதக் குடிச்சேன்."

கோபமே இல்லாமல் சொன்னாள். "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்லக்கா?" என்று கேட்டாள்.

டிரைவர் மறுபடி ஹாரன் அடித்தார். அவள் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.