ஐயரம்மாவுக்கு விட்ட இடம்

ஜூலை 4, வெள்ளி. காலை பதினொன்று இருபதுக்கு என் மனைவி வீட்டில் இறந்தார். வயது எழுபத்தொன்று.

ஜூலை 5, சனி. மாலை நான்கு மணிக்கு அடக்கம். மழை இல்லை.

ஜூலை 6, ஞாயிறு. சபையின் வார அறிக்கையில் இறப்புச் செய்தி வெளியானது. இரண்டு வரி.

ஜூலை 12, சனி. மறுநாள் ஆராதனையில் வேதபாடம் வாசிக்குமாறு சபைச் செயலர் தொலைபேசியில் கேட்டார். மறுத்தேன்.

ஆகஸ்ட் 4, திங்கள். இப்பகுதியின் ஆதி ஐயர்மார் எழுவரைப் பற்றி நான் எழுதிய நூலின் இரண்டாம் பதிப்புக்குரிய அச்சு மெய்ப்பைச் செயலர் நேரில் கொண்டுவந்தார். அச்சிடலாம் என்று நான் கையொப்பமிடவில்லை.

நடந்தவை இவ்வளவே. கையொப்பமிடாததற்கு நான் காரணம் சொல்லவில்லை என்று சபையில் பேசிக்கொள்கிறார்கள். சொன்னேன். கேட்டவர் ஒருவரே.

எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்பது பழைய வழக்கு. அவர் மனைவி ஐயரம்மா. சுரங்க நகரியத்துக் கல்லூரியொன்றில் வரலாறு கற்பித்த காலத்தில், விடுமுறைகளைச் செலவிட்டு அந்த ஐயர்களின் சரித்திரத்தைத் திரட்டினேன். முதல் ஐயரைப் பற்றி எட்டாம் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘இவ்வருடம் ஐயரின் துணைவியார் பேதிநோயால் காலமானார். ஒன்பதாம் நாள் ஐயர் மீண்டும் பிரசங்கபீடம் ஏறினார்.’ இவ்விரு வாக்கியங்களுக்கும் நடுவே ஒரு முற்றுப்புள்ளி மட்டுமே நிற்பதை அன்று பெரிய நயமென்று கருதினேன்.

அந்த நயம் ஜூலை மாதம் என் வீட்டுக்கு வந்தது.

“நாளைக்கு ஒம்பதாம் நாளு சார்,” என்றார் செயலர் தொலைபேசியில். “பாடம் நீங்க வாசிச்சா ஜனங்களுக்கு ஒரு சாட்சியா இருக்கும். நீங்களே எழுதி வச்சதுதானே?”

“நான் ஐயர் இல்லை,” என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

பாடகர் குழுவின் மூத்த அம்மையார் இட்லியோடு வந்து என் எதிரில் அமர்ந்தார். “மூணாவது ஐயரு ஆறே மாசத்துல மறுபடி கட்டிகினாராமே. உங்க புஸ்தகத்துலதாங்க படிச்சேன். ஊழியம்னா அப்படி இருக்கணும், இல்லீங்களா?” இட்லியை நான் உண்ணவில்லை. பாத்திரத்தைக் கழுவித் திருப்பி அனுப்பினேன். என் நூலை ஒருவரும் படிக்கவில்லை என்று இருபத்திரண்டு ஆண்டுகள் குறைபட்டுக்கொண்டிருந்தேன். எல்லாரும் படித்திருக்கிறார்கள்.

முதல் ஐயரின் நாட்குறிப்பை முழுவதும் படித்தவன் நான். எத்தனை நாள் மழை பெய்தது என்பது அதில் உண்டு. ஞானஸ்நானம் பெற்றோர் தொகை உண்டு. கடற்கரையிலிருந்து அவரைச் சுமந்துவந்த குதிரைக்குப் பெயர் உண்டு. மனைவி இறந்த பக்கத்தில் மனைவிக்குப் பெயர் இல்லை. அந்த மனிதரை நான் போற்றி எழுதினேன். குதிரையின் பெயரையும் சேர்த்துக்கொண்டேன்.

கைப்பிரதியைத் தட்டச்சு செய்தவர் என் மனைவி. சுரங்க அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவர். விவரம் வராத இடத்தில் வெற்றிடம் விட்டு அடித்துச் செல்வது அங்கே பழக்கம். விவரம் வந்ததும் தாளை மறுபடி ஏற்றி நிரப்பிவிடுவார்கள். அவர் அடித்துத் தந்த பிரதியில் ஆறு இடங்களில், ‘துணைவியார்’ என்ற சொல்லை அடுத்துப் பத்தெழுத்து அகலத்துக்கு ஒன்றும் இல்லாமல் கிடந்தது. என்ன இது என்று கேட்டேன்.

“பேரு வரும்னு விட்டிருக்கேன்.”

“வராது. எந்தக் குறிப்பிலும் இல்லை.”

“வர்ற அன்னிக்கு எங்க வைப்பீங்க?”

“ஐயரம்மா என்றால் யாரென்று எல்லாருக்கும் தெரியுமே. போதாதா?”

“ஆபீஸ்ல நான் டைப்பிஸ்டம்மா. நம்ம பிளாக்குல சார் வீட்டம்மா. போதுமான்னு என்கிட்டயே கேக்குறீங்க பாருங்க,” என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். பிறகு அச்சகத்துக்கு எழுதி ஆறு இடைவெளிகளையும் மூடச் சொன்னேன்.

ஆகஸ்ட் 4 அன்று செயலரிடம் நான் கேட்டது, அந்த ஆறு வெற்றிடங்களையும் திறந்துவிட வேண்டும் என்பதே. அவர் கம்மாபுரம் பக்கத்துக்காரர். சுரங்கத்தில் ஷிப்டு பொறுப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர்.

“காலியா வுட்டா அச்சுப்பிழைம்பாங்க சார். வேணும்னா புள்ளி வச்சிக்கலாம்.”

“புள்ளி வைத்தால் தெரிந்தே மறைத்ததாகும். நமக்குத் தெரியாது. தெரியாது என்பது தெரியட்டும்.”

“மைன்ஸ்ல வருகை மஸ்டர்ல கான்ட்ராக்ட் ஆளு பேரு இல்லன்னா, ஆளே வரலைன்னுதான் அர்த்தம். எப்பவோ போய்ச் சேர்ந்தவங்களுக்கு இப்ப எதுக்கு சார் எடம் புடிச்சிகினு?”

“அவர்கள் வந்திருந்தார்கள்,” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “குதிரைக்குப் பெயர் வைத்து மனைவியை விட்டுவிடுவதானால், கோயில் வாசலில் குதிரைகளின் சபை என்று பலகை மாட்டுங்கள்,” என்றும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. வேதாகமத்துக்குள் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து மெய்ப்பின் மேல் விரித்தார். ஜூலை 6 அறிக்கை. ‘நமது பேராசிரியரின் துணைவியார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனை சனிக்கிழமை நடைபெற்றது.’

“இதுல அம்மா பேரு எங்க சார்? நீங்க போன்ல சொல்லச் சொல்ல எழுதிக்கினேன். ஒரு எழுத்து மாத்தல.”

படித்தேன். இரு வாக்கியங்களும் என்னுடையவை. நடுவில் இருந்த முற்றுப்புள்ளியும் என்னுடையது.

“எங்க வூட்டுப் பொண்ணுக்கு டைப் சொல்லிக் குடுத்தவங்க அவங்க,” என்றார் எழுந்துகொண்டே. “பேரு எனக்குத் தெரியும். நீங்க சொல்லலையேன்னுதான் போடல.”

மெய்ப்பையும் அறிக்கையையும் மேசைமேல் விட்டுவிட்டு அவர் போனார். வாசல்வரை நான் செல்லவில்லை.

செய்யாமல் நிற்பவை:

மெய்ப்பில் ஆறு வெற்றிடங்களையும் குறித்தல். பத்தெழுத்து அகலம், புள்ளி கூடாது.

முதல் ஐயரை அனுப்பிய கடற்கரைத் தாய்ச்சபைக்குக் கடிதம்: அடக்கப் பதிவேட்டில் முதல் ஐயரம்மாவின் பெயர் உண்டா. நூல் எழுதும்போதே கேட்டிருக்க வேண்டியது.

செயலரிடம் பலகையைப் பற்றிய சொல்லைத் திரும்பப் பெறுதல்.

வார அறிக்கைக்குத் திருத்தம்: என் மனைவியின் பெயர், தலைப்பெழுத்துடன்.