முழு வேகத்தில் பாலம் ஏறிய நாற்காலி

என் நாத்தனாருக்குப் பட்டறையில் வைத்த பெயர் புகை. அவள் செய்த மின்சுற்றுப் போர்டுகள் அப்படி. அங்கே மோட்டார் வைத்த சக்கர நாற்காலிகள் செய்கிறார்கள். நான் இருக்கை தைக்கிறேன். அவளை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். அதனால் ஒவ்வொரு முறை புகை கிளம்பும்போதும் எல்லோரும் அவளைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்ப்பார்கள்.

எட்டு வருஷத்துக்கு முன்பு, புருஷனோடு ஒத்துவராமல் இரண்டு பைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒன்றில் துணி. இன்னொன்றைத் தூக்கியதில் என் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. திறந்தால் சால்டரிங் கம்பி, பழைய மோட்டார், டப்பா டப்பாவாக டிரான்சிஸ்டர்.

"நகையெல்லாம் எங்கம்மா?" என்று கேட்டேன்.

"இதுதான் அண்ணி" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேஜையில் பாதி அவளுடைய ராஜ்ஜியம். மீதிப் பாதியில் நானும் என் கணவரும் முழங்கை இடிக்கச் சாப்பிடுகிறோம். வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன். அவள் காதில் வாங்கினால்தானே.

பட்டறையில் அவள் வேலை வயர் பற்றவைப்பது. வெளியிலிருந்து வாங்கும் போர்டு கெட்டுப்போனால் பிரித்தும் பார்ப்பாள். பிரித்துப் பிரித்து, "இத நானே செய்யலாம்மா" என்று ஒருநாள் முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டாள். அந்த அம்மாவும் ஜன்னலோரம் ஒரு மேஜை போட்டுக் கொடுத்து, ஆறு மாதம் கெடு வைத்தார். பட்டம் வாங்கிய இன்ஜினியர் ஒருவர் அங்கே இருக்கிறார். அவர் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

மோட்டாரை முன்னும் பின்னும் சுற்றவைக்கும் ஹெச்-பிரிட்ஜ் பற்றி எனக்குப் பாடம் நடந்தது சாப்பாட்டு நேரத்தில், நான் கேட்காமலே. நான்கு டிரான்சிஸ்டர். மோட்டாருக்கு இடப்பக்கம் மேலே ஒன்று, கீழே ஒன்று, வலப்பக்கமும் அப்படியே. குறுக்காக இரண்டு ஆனானால் நாற்காலி முன்னால் போகும், மற்ற இரண்டு ஆனானால் பின்னால். ஒரே பக்கத்தில் மேலும் கீழும் சேர்ந்து ஆனானால் டப். அது நடக்காமல் பார்த்துக்கொள்வதை அவள் சீக்கிரமே சாதித்துவிட்டாள். வம்பெல்லாம் மேலே இருக்கும் இரண்டில்தான். அவற்றைத் திறக்கும் காலுக்குக் கேட் என்று பெயர். அதற்குப் பேட்டரியைவிடப் பத்து வோல்ட் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். பேட்டரியே இருபத்து நாலு வோல்ட்தான், கூடுதலுக்கு எங்கே போவது? மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் ஒரு கெப்பாசிட்டரைக் குடமாக வைத்துக்கொள்வாளாம். கீழ் டிரான்சிஸ்டர் ஆனாகும்போது குடம் நிரம்பும். மேல் டிரான்சிஸ்டர் ஆனாகும்போது அந்தக் குடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். நொடிக்குப் பத்தாயிரம் தடவை இப்படி நடக்கும் என்றாள். "சரி, தட்ட எடு" என்றேன்.

போர்டு பட்டறையில் அருமையாக ஓடியது. முதல் நாற்காலி கணக்கு டீச்சருக்குப் போனது. இரண்டு தெரு தள்ளி இருப்பவர். சிறு வயதிலிருந்தே நடக்க முடியாது. அவர் பள்ளிக்கூடம் ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம். பாலத்தில் தினமும் அவரை யாராவது பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது. இந்த நாற்காலி தானே ஏறும் என்று என் நாத்தனார் வாக்குக் கொடுத்திருந்தாள். பாலத்தில் கால்வாசி ஏறியதும் புகை. போர்டை மாற்றினாள், மறுபடி புகை. பெரிய டிரான்சிஸ்டர் போட்டாள், மூன்றாவது முறையும் புகை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். எத்தன தடவதான் டிரான்சிஸ்டர மாத்துவ?" என்று நானே சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

முதலாளியம்மா கூப்பிட்டு, "திங்கட்கிழமை காலையில டீச்சர் பாலம் ஏறணும். ஏறலன்னா வெளி போர்டுதான். அந்த மேஜையையும் எடுத்துடலாம்" என்றார். இன்ஜினியர் கையில் வெளிக் கம்பெனியின் தடித்த விலைப்புத்தகம் தயாராக இருந்தது.

அன்று அவள் சாப்பிட வரவில்லை. மேஜையின் அந்தப் பாதி சுத்தமாகக் காலியாக இருந்தது. எட்டு வருஷமாக நான் கேட்டது அதைத்தான்; பார்க்கச் சகிக்கவில்லை.

சனிக்கிழமை டீச்சரே தன் தம்பியைத் தள்ளச் சொல்லிக்கொண்டு பட்டறைக்கு வந்தார், சண்டைக்கு.

"இங்க ஓடுது, உங்ககிட்ட மட்டும் ஏன் டீச்சர் போகுது? நீங்க எப்படி ஓட்டுறீங்க?" என்று கேட்டாள் என் நாத்தனார்.

"எப்படி ஓட்டுவாங்க? கைப்பக்கம் இருக்கற குச்சிய முன்னால தள்ளுவேன். ஸ்கூல் வந்ததும் விடுவேன்."

"நடுவுல விடவே மாட்டீங்களா?"

"நீங்க நடக்கறப்ப நடுநடுவுல நின்னு நின்னா நடக்கறீங்க?"

என் நாத்தனார் எங்களையெல்லாம் திரும்பிப் பார்த்தாள். பட்டறையில் நாற்காலியைச் சோதித்த நாங்கள் அத்தனை பேரும் நடக்கத் தெரிந்தவர்கள். பன்னிரண்டு எட்டில் சுவர் வந்துவிடும். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம், குச்சியைத் தொட்டுத் தொட்டு விளையாடிவிட்டு, "நல்லா ஓடுது" என்று கையெழுத்துப் போட்டோம். முழுக் குச்சியை விடாமல் பிடித்து ஒருவரும் ஓட்டியதில்லை.

நாற்காலியில் புதுப் போர்டு ஒன்றைப் பொருத்திவிட்டு, "அண்ணி, இதப் பிடிங்க" என்று வோல்ட்டைக் காட்டும் கையடக்க ஸ்கோப்பை என்னிடம் திணித்தாள். அதிலிருந்து ஒரு வயர் மேல் கேட்டுக்குப் போனது. "டீச்சர், தெருவுல முழு வேகத்துல போங்க. அண்ணி, கூடவே ஓடுங்க. நம்பரச் சத்தமா படிங்க."

என் முழங்கால் வலியைப் பற்றி அவளுக்குத் தெரியும். இருந்தும் ஓடச் சொன்னாள், நானும் ஓடினேன். "முப்பத்து நாலு" என்று கத்தினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. "முப்பத்தி ரெண்டு… முப்பது… இருபத்தெட்டு…"

"விடுங்க டீச்சர், விடுங்க" என்று பின்னாலிருந்து அவள் கத்தினாள். நான் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். பார்த்தால் அவளுக்கு வாயெல்லாம் பல்.

"முழுசாத் தள்ளினா மேல் டிரான்சிஸ்டர் ஆன்லயே நிக்குது. கீழ இருக்கறது ஆனாகவே இல்ல. அப்புறம் குடம் எப்ப அண்ணி நிரம்பும்? கேட் பட்டினி கிடக்குது. பாதி திறந்தும் பாதி திறக்காமலும் நின்னு சூடாகியே சாகுது."

தீர்வு அவள் எழுதிய புரோகிராமில் ஒரே ஒரு வரி. முழுக் குச்சியிலும் ஒவ்வொரு சுற்றிலும் கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாக மேலே மூடி, கீழே திறந்து, குடத்தை நிரப்பிவிட்டு மறுபடி மேலே.

"வேகம் எவ்வளவு குறையும்?" என்றார் டீச்சர்.

"நூத்துக்கு ரெண்டு."

"தொண்ணூத்தெட்டு நல்ல மார்க்குதான்."

திங்கட்கிழமை காலை பாலத்தடியில் பட்டறையே நின்றது. முதலாளியம்மா, இன்ஜினியர், அவர் விலைப்புத்தகம், எல்லாம். டீச்சர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு குச்சியை முழுதாகத் தள்ளினார். கால்வாசி தாண்டியது. பாதி தாண்டியது. என் நாத்தனார் என் கையைப் பிடித்திருந்த பிடியில் விரல் மரத்துப்போனது. நாற்காலி உச்சிக்குப் போய், நிற்காமல், அந்தப் பக்கம் இறங்கி மறைந்தேவிட்டது.

எல்லோரும் பாலத்தின் உச்சியையே பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் முதலாளியம்மா, "திரும்பி வருவாங்களா, மாட்டாங்களா?" என்றார்.

"நாலு மணிக்கு வருவாங்கம்மா" என்றாள் என் நாத்தனார். "ஸ்கூல் விடணும்ல."

முதலாளியம்மா சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது; வெட்கப்படாமல் அழுதேன். "ஜன்னல் மேஜை ஒரு கால் ஆடுதுன்னு சொன்னியே" என்று முதலாளியம்மா, இன்ஜினியர் கையிலிருந்த விலைப்புத்தகத்தை வாங்கி அவளிடம் கொடுத்தார். "இத அடியில வை."

நாலு மணிக்கு டீச்சர் வந்தார், தள்ள ஆளில்லாமல், தன்னந்தனியாக. என் நாத்தனார் ஓடிப்போய் மண்டியிட்டு, போர்டின் மூடியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு என் கையை இழுத்து அங்கே வைத்தாள்.

"காய்ச்சல் இல்ல அண்ணி" என்றாள்.