காற்று பார்த்த நெமேசியோ

என் கொழுந்தன் நெமேசியோவை, பெரு நாட்டு மால்டொனாடோ காட்டுப் பக்கம் பிரேசில் கொட்டை பொறுக்கப் போகிற எல்லாருக்கும் தெரியும். மாமியார் பெற்ற ஏழில் கடைசி. குஸ்கோ மலை மேட்டிலிருந்து இறங்கி வந்தபோது பதினாறு வயது. காட்டில் அவன் வேலை காற்று பார்ப்பது. கொட்டை மரம் அண்ணாந்தால் கழுத்து வலிக்கிற உயரம். காற்றடித்தால் தேங்காய் கனத்தில் காய் விழும், மண்டை பிளந்துவிடும். உச்சி இலை அசைந்ததும் சத்தம் கொடுப்பான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். எங்கள் ஆட்களில் ஒருவரும் காய் விழுந்து சாகவில்லை.

இருபத்துநாலு வயதில் அவன் கணுக்காலில் மணல் ஈ கடித்து ஆறாத புண் வந்தது. தினம் ஒன்றாக இருபது நாள் ஊசி போட வேண்டும் என்றார்கள் சுகாதார நிலையத்தில். அது கொட்டைப் பருவம். இருபது நாள் யார் உட்காருவது? எங்கள் பக்கம் எல்லாரும் செய்வதையே செய்தோம். என் வீட்டுக்காரர் சத்தூர்னினோ பேட்டரி ஆசிட்டைப் புண்ணில் விட்டார். துள்ளாமல் காலைப் பிடித்தது நான். புண் காய்ந்து வழவழவென்று தழும்பானது. ஆறியாச்சு என்று கோழி அடித்துச் சாப்பிட்டோம்.

பன்னிரண்டு வருஷம் கழித்து மூக்கு அடைத்தது. சளி என்றோம். பிறகு ரத்தம், பொருக்கு. மூக்கின் நடுச்சுவர் ஓட்டையாகி நுனி அமுங்கியது. குரல் கரகரத்த பிறகுதான் காது மூக்கு தொண்டை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, "முன்னாடி எப்பவாவது உடம்புல புண் இருந்துச்சா?" என்று கேட்டார். நெமேசியோ கால்சட்டையைச் சுருட்டினான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோல் ஆறினாலும் கிருமி உள்ளேயே இருந்து மேலே ஏறுமாம். அவன் இதயத் துடிப்பு சீராக இல்லையாம், அந்த இருபது நாள் ஊசி இப்போது ஆகாது. நரம்பில் ஏற்றும் மருந்துதான் மிச்சம், அதுவும் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம்.

"என் சத்தம் திரும்புமா?"

"வியாதிய நிறுத்தப் பார்க்கலாம். சத்தம் திரும்புமான்னு எங்களுக்கே தெரியலைங்க. பெரிய டாக்டருங்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரலை."

மருந்து பாதி ஏறும்போதே முகமும் காலும் வீங்கின, நிறுத்திவிட்டார்கள். கரகரப்பும் போய் வெறும் மூச்சு மிஞ்சியது.

அடுத்த பருவத்துக்கு, வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் காட்டுக்குப் போனான். மூன்றாம் நாள் காற்று எழுந்தது. வாயைத் திறந்து கத்தியிருக்கிறான். யாருக்கும் கேட்கவில்லை. சத்தூர்னினோவின் காலடியிலிருந்து ஒரு முழம் தள்ளி காய் விழுந்து மண்ணில் புதைந்தது. அன்றே இருவரும் வீடு திரும்பினார்கள்.

"நான்தான்டா அந்த ஆசிட்ட ஊத்துனேன்," என்றார் அவர்.

நெமேசியோ அவர் காதுக்கருகில் போய்ச் சொன்னான்: "அண்ணே, நீங்க ஊத்துனீங்க, மதினி புடிச்சாங்க, நான் கோழி தின்னேன்." சிரிக்கப் பார்த்தான், இருமல்தான் வந்தது.

இப்போது முற்றத்தில் என்னோடு உட்கார்ந்து கொட்டை உடைக்கிறான். காற்று எழுந்தால் கை நின்றுவிடும். காட்டுப் பக்கம் திரும்பி வாயைத் திறப்பான். அங்கே மரத்தடியில் சத்தூர்னினோ கொட்டை பொறுக்கிக்கொண்டிருப்பார். நான் குனிந்து கொட்டையை உடைப்பேன்.