வெஞ்சனம் என்கிற சங்கேதச் சொல்

சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைக்கிற எதையும் எங்கள் பக்கம் வெஞ்சனம் என்போம். கத்திரிக்காய்க் கூட்டும் வெஞ்சனம்தான், கருவாட்டு வறுவலும் வெஞ்சனம்தான். "சோறு இருக்கு, வெஞ்சனம்தான் ஒண்ணும் இல்ல" என்று சொல்லாத வீடு திண்டுக்கல்லில் கிடையாது. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். இந்தச் சொல்லுக்கு ஒருநாள் நீதிமன்றத்தில் பொருள் தேடுவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால், வேறு வேலை இருந்தால் பாருங்கள் என்று அனுப்பியிருப்பேன்.

என் தம்பி நாகல் நகரில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறான். மதியம் மட்டன் பிரியாணி, தால்சா, அவ்வளவுதான். கைப்பக்குவம் அவனுக்கு எங்கள் அத்தாவிடமிருந்து வந்தது. வாய் எங்கிருந்து வந்ததோ தெரியாது. எந்த இடத்திலும் சும்மா இருக்க மாட்டான், எவரையும் கிண்டல் பண்ணாமல் விடமாட்டான். ஒரு கோடையில் எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வருவது அடியோடு நின்றுபோனது. மனு கொடுத்துப் பார்த்தோம், நேரில் போய்க் கெஞ்சியும் பார்த்தோம். கடைசியில் காலிக் குடங்களோடு ரோட்டில் உட்காருவது என்று தெருவே கூடி முடிவெடுத்தது. பகல் முழுக்க உட்கார வேண்டும், பிள்ளைகள் பசி தாங்காது என்பதால், முந்தின நாள் தம்பி தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு போட்டான். அதை எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அவன் மூச்சு வாங்குகிற இடம்கூட எனக்கு மனப்பாடம்.

"சோறு நான் கொண்டாரேன். வீட்டுக்கு வீடு வெஞ்சனம் கொண்டாந்துருங்க. யாரும் வெறுங்கையோட வந்துராதீக. நல்லா காரமா இருக்கட்டும், குழாயிலதான் தண்ணி வரல, கண்ணுலயாச்சும் வரட்டும்."

மறியல் என்று சொன்னாலும் அது ஒரு கந்தூரி விருந்து போலத்தான் நடந்தது. குடங்கள் வரிசையாக வெயிலில் கிடந்தன, நாங்கள் பந்தல் நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்போது ஆளுங்கட்சிப் பெரும்புள்ளி ஒருவரின் கார் அந்த வழியாக வந்து சிக்கிக்கொண்டது. அவர் இறங்கி வந்து, எல்லாம் சரியாகிவிடும், கலைந்து போங்கள் என்றார். தம்பி அவர் கையில் ஒரு தட்டுப் பிரியாணியைக் கொடுத்தான். மனிதர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

"கை கழுவத் தண்ணி கேக்குறீகளா, அண்ணே?" என்றான் தம்பி. "அதத்தான் நாங்களும் கேக்குறோம்."

தெருவே கைதட்டிச் சிரித்தது. யாரோ அதை எடுத்துப் போட, சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பார்த்துவிட்டது. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தக் காணொளியில் சிரிக்காத ஒரே முகம் அவருடையது. எச்சில் கையை அப்படியே மடக்கிக்கொண்டு அவர் காரில் ஏறியதை அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீரும் வரவில்லை. ஒருநாள் காலையில் ஸ்டேஷன் ஏட்டு கடை வாசலில் வந்து நின்றார். தினமும் மதியம் எங்கள் கடையில் சாப்பிடுகிறவர்தான். அன்றைக்குப் படியேறவில்லை.

"ஒண்ணுமில்ல அப்பு, ஐயா ஏதோ கேக்கணுங்கிறாரு. செத்த நேரம் வந்துட்டுப் போயிரு."

தம்பி கைலியை மாற்றாமல், அடுப்பைக்கூட அணைக்காமல் போனான். அன்று திரும்பவில்லை. மறுநாள் அவனை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்தபோது, அவன் மனைவி அழவில்லை, அடுப்புச் சட்டியில் தீய்ந்துபோன வெங்காயத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

எங்கள் வக்கீல் என்னோடு கான்வென்டில் படித்தவள், பிள்ளைப்பருவத்திலிருந்தே தோழி. முதல் தகவல் அறிக்கையை வாங்கி வந்து என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து வாசித்தாள். "வெஞ்சனம் என்ற சங்கேதச் சொல்லின் மூலம் ஆயுதங்களுடன் வருமாறு அழைப்பு விடுத்தும், அரசு ஊழியர்களின் கண்களில் மிளகாய்ப் பொடி தூவித் தாக்கச் சதி செய்தும்" என்று அது போனது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது நிக்குமாடி? ஒரே வாய்தாவுல தூக்கி எறிஞ்சிர மாட்டாங்க?"

அவள் சிரிக்கவில்லை. "இது நிக்கணும்னு எழுதுனது இல்ல. உன் தம்பி உள்ள இருக்கணும்னு எழுதுனது. கேஸு பொய்யின்னு நாம நிரூபிக்க எம்புட்டு வருசம் ஆகும்னு அவங்களுக்குத் தெரியும். எந்தக் கட்சி இருந்தாலும் இப்படித்தான் எழுதுவாங்க, மை மட்டும்தான் மாறும்." பிறகு கடைசி வரியில் விரலை வைத்தாள். குற்றவாளி ஒன்று என்று தம்பியின் பெயர் இருந்தது. அதற்கடுத்து "மற்றும் சிலர்" என்று இருந்தது. "இதுதான்டி எனக்குப் பயமா இருக்கு. இதுல யாரு பேர வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் எழுதலாம்."

இலக்கணம் நடத்துகிறவளுக்கு அந்த இரண்டு சொற்களும் புதிதல்ல. ஆனால் அன்று மாலையே அவற்றின் பொருள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒவ்வொருவராக வெளியேறினார்கள். மறியலில் புளிமிளகாய் கொண்டுவந்து எல்லாருக்கும் பரிமாறிய எதிர்வீட்டுக்காரி, என்னைக் கண்டதும் காய்கறிக்காரரிடம் இல்லாத பேரம் பேச ஆரம்பித்தாள். கோபம் கோபமாக வந்தது. அவளைத் திட்டவும் முடியவில்லை. அவளுக்கும் வளர்ந்த பையன்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

ஏட்டை மட்டும் நான் விடவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில் பிடித்துவிட்டேன்.

"உங்களுக்கு வெஞ்சனம்னா என்னன்னு தெரியாதா, ஏட்டையா?"

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "நான் இங்க பக்கத்துல எரியோட்டுக்காரன், டீச்சர். எனக்கா தெரியாது? இன்னைக்கு எங்க வீட்டுல அவரக்கா வெஞ்சனம்."

"பெறகு?"

"எனக்குத் தெரியுமான்னு யாரு கேட்டா? மேல இருந்து எழுதி வந்துச்சு. நான் எழுதல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க அரசாங்கச் சம்பளம் வாங்குறவுக. இப்படி நடு ரோட்டுல நின்னு கேக்காதீக." அது அக்கறையா மிரட்டலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒருவேளை அவருக்கும் தெரிந்திருக்காது.

ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த அன்று பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன். நீதிபதி வடக்கே ஏதோ மாவட்டத்துக்காரராம். "வெஞ்சனம் என்றால் என்ன?" என்று நேராகவே கேட்டார். அந்தக் கூடத்தில் டவாலி, எழுத்தர், காவலர், வாய்தாவுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் காலையில் எதையோ தொட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள்தான். எங்கள் வக்கீல் எழுந்து, "தொடுகறி ஐயா, சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது" என்றாள். அரசு வக்கீல் திண்டுக்கல்லிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அச்சொல்லின் பொருள் புலன்விசாரணையில் இருக்கிறது, ஐயா."

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பொய் சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், வகுப்புக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். பொய் என்று எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை ஒரு கூடமே தலையைக் குனிந்துகொண்டு கேட்டதை அன்றுதான் பார்த்தேன். மனு தள்ளுபடியானது.

பல வாரம் கழித்து மேல் கோர்ட்டில் ஜாமீன் கிடைத்தது. ஊருக்குள் வரக் கூடாது, பழனியில் தங்கி, காலையும் மாலையும் அங்குள்ள ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. பக்தர்கள் தங்குகிற லாட்ஜ் ஒன்றில் அறை எடுத்துக் கொடுத்தோம். நான் பார்க்கப் போயிருந்தபோது லாட்ஜ்காரர், "ஏனுங்க பாய், நீங்க என்னங்க வேண்டுதல்?" என்று வெள்ளந்தியாகக் கேட்டார். பழைய தம்பியாக இருந்தால் அந்தக் கேள்விக்கே ஒரு மணி நேரம் சிரிக்க வைத்திருப்பான். அவன் சுற்றிலும் பார்த்துவிட்டு, "சும்மாதாங்க" என்றான். போனில் மனைவியிடம் பேசும்போதும் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானித்துப் பேசினான். மகளிடம் "உனக்கு என்ன வேணும்" என்று கேட்கக்கூட யோசித்தான்.

நிபந்தனை தளர்ந்து அவன் ஊருக்கு வந்துவிட்டான், கடையும் நடக்கிறது. வழக்கு இன்னும் முடியவில்லை. வாய்தாவுக்குப் போவான், அடுத்த தேதி வாங்கிக்கொண்டு வருவான். மற்றும் சிலர் யார் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

இந்தக் கோடையிலும் தண்ணீர் நின்றது. எங்கள் பகுதிக் குறைகேட்புக் கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் நடுநாற்காலியில் அதே பெரும்புள்ளி உட்கார்ந்திருந்தார். குறை இருந்தால் சொல்லலாம் என்று மைக்கில் அறிவித்தார்கள். காலையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு ஓடிய பெண்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள், ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை. ஓரமாக ஒருவர் செல்போனைக் கூட்டத்தை நோக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்துவிட்டேன்.

"வாங்க டீச்சர், என்ன சொல்லணும்? பயப்படாமச் சொல்லுங்க" என்றார் பெரும்புள்ளி மேடையிலிருந்து. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் டீச்சர் என்று அவருக்கு யாரும் அறிமுகப்படுத்தியதில்லை.

பின்னாலிருந்து என் முந்தானை இழுபட்டது. தம்பி. "உக்காருக்கா" என்றான், மூச்சுக்காற்றில். "உன் பேர இன்னும் எழுதல." அப்புறம் அவனே எழுந்து நின்றான். கைகள் இரண்டையும் கூப்பியிருந்தான்.

"ஒண்ணும் குறையில்லைங்கய்யா," என்றான் சத்தமாக. "தண்ணியெல்லாம் நல்லா வருது."