சக்கரத்துக்கு ஊற்றிய எண்ணெய்

எங்கள் வீட்டு முன்னறை அலமாரியில், மாதா சுரூபத்துக்கும் கரண்ட் பில் சொருகி வைக்கும் டப்பாவுக்கும் நடுவில், கட்டைவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிப் புட்டி பல வருடமாக நின்றுகொண்டிருந்தது. உள்ளே மஞ்சளாக எண்ணெய். எங்கள் வாசல் இரும்புக் கேட்டோ, திறந்தால் தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி கிரீச்சென்று அலறும். “அந்த எண்ணெயில ரெண்டு சொட்டு விட்டா என்ன கெட்டுப்போச்சு?” என்று ஒருநாள் கேட்டேன். என் வீட்டுக்காரர் கொலைகாரியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். “அது அபிஷேக எண்ணெய் டீச்சரம்மா. பாஸ்டர் கையால குடுத்தது.” கோபமோ பயமோ வந்தால் அவருக்கு நான் டீச்சரம்மா ஆகிவிடுவேன். அலறினால் அலறட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் தூசி தட்டுகிற ஒவ்வொரு முறையும் அந்தப் புட்டியைத் தூக்கும்போது, பாஸ்டரின் முகம் கண்முன் வந்து நிற்கும். அன்றைக்கு என் சமையலில் உப்பு கூடிப்போகும்.

அவரைச் சாதாரணப் பாஸ்டர் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் பைக் பாஸ்டர். ஆலங்குடிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர், ஒருநாள் தரிசனம் கண்டார். தரிசனத்தில் ஆண்டவர் அவரிடம் புல்லட் வாங்கச் சொன்னாராம். அதன்பிறகு ஊர் ஊராக பைக்கில் போய்ச் சுவிசேஷம் சொல்லும் ஊழியம் ஒன்றைத் தொடங்கினார். அதன் பெயரை எழுத மாட்டேன். கழுகு, இடி, நெருப்பு எல்லாம் அதில் வரும் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். சித்திரை வெயிலில், முந்திரி மரமே வாடி நிற்கிற மத்தியானத்தில், இவர்கள் கறுப்புத் தோல் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். முதுகில் ஒரு சிலுவை, இரண்டு பக்கமும் சிறகு. இறங்கிக் கோட்டைக் கழற்றினால் சட்டையைப் பிழிந்து செடிக்கு ஊற்றலாம். பாஸ்டர் கூலிங்கிளாஸையும் கழற்ற மாட்டார். கண்ணை மூடி ஜெபிக்கிற மனுஷனுக்குக் கூலிங்கிளாஸ் எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நான் ஆவூர்க்காரி. எங்கள் வீட்டில் எல்லோரும் பரம்பரை பரம்பரையாகக் கத்தோலிக்கக் கோயில் பூசைக்குப் போய் வந்தவர்கள். சத்தம் போட்டு ஜெபிப்பதே எங்களுக்குக் கொஞ்சம் கூச்சமான காரியம். என் வீட்டுக்காரர் அந்தச் சபைக்குப் போகிறார் என்று தெரிந்ததும் என் அம்மா பஸ் ஏறி வந்துவிட்டார். “நம்ம கோயில்ல என்னடி கொறஞ்சுபோச்சு? அங்கிட்டுப் போயித்தான் கை தட்டணுமா?” என்று என்னைப் பிடித்து உலுக்கினார். அம்மாவிடம் எப்படிச் சொல்வது? என் வீட்டுக்காரர் அப்போது குடிப்பதை நிறுத்தி நாலைந்து மாதம் ஆகியிருந்தது. மறுபடியும் குடிக்காமல் இருக்கிறார் என்றால் அவர் மசூதிக்குப் போனாலும் மடத்துக்குப் போனாலும் நான் கூடையில் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

இந்த ஒன்றை மட்டும் நான் மறைக்கக் கூடாது. அவரைக் குடியிலிருந்து இழுத்தது அந்தக் கூட்டம்தான். ஆனால் பாஸ்டர் இல்லை. வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டு வந்த ஒருவர் அந்தச் சபையில் இருந்தார், எல்லோரும் அறந்தாங்கி பிரதர் என்பார்கள். என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டி முடித்து, கை நடுங்க ஆரம்பிக்கிற சாயங்கால நேரம் எதுவென்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருந்தது. தினமும் சரியாக அந்த நேரத்துக்கு எங்கள் கேட் அலறும். “பிரதர், வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்.” பைக்கில் ஏற்றிக்கொண்டு போவார். எங்கேயாவது ஒரு டீக்கடை, ஒரு வடை. சாராயக்கடை மூடுகிற நேரத்துக்குப் பிறகு கொண்டுவந்து விடுவார். பிரசங்கமும் இல்லை, பேயோட்டலும் இல்லை. மாதக்கணக்கில் இதைச் செய்தார். அந்த மனுஷனுக்காக நான் மனதுக்குள் மாதாவிடம் மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டதும் உண்டு.

பாஸ்டர் செய்தது, அந்தப் பலனைத் தன் மேடையில் தூக்கி வைத்தது. எந்தக் கிராமத்துக்குப் போனாலும் முதலில் பாட்டு, அடுத்தது என் வீட்டுக்காரரின் சாட்சி. ஒருமுறை நானும் போயிருந்தேன். பைக்குகள் வரிசையாக உறுமிக்கொண்டு ஊருக்குள் நுழைந்ததும், பெண்கள் கத்த, ஆண்கள் தங்கள் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு கொல்லைக்குள் ஓடினார்கள். பைனான்ஸ்காரன் வண்டி பிடுங்க ஆள் அனுப்பிவிட்டான் என்று நினைத்துவிட்டார்கள், பாவம். பாஸ்டர் மைக்கைப் பிடித்து, “பயப்படாதீங்க, நாங்க எடுக்க வரல, குடுக்க வந்திருக்கோம், ஆமென்?” என்றார். ஒரு ஆமெனும் வரவில்லை. பிறகு என் வீட்டுக்காரர் எழுந்து, நான் குடித்தேன், என் மனைவியின் தோட்டை விற்றுக் குடித்தேன், இப்போது குடிப்பதில்லை என்று தலையைக் குனிந்து சொன்னார். அதற்குத்தான் கொல்லைக்குள் ஓடியவர்கள் மெல்ல மெல்ல வெளியே வந்தார்கள். அவருக்கென்று உலகத்தில் இருந்த மரியாதை அவ்வளவுதான்: நான் குடிப்பதில்லை என்று நாலு பேர் முன்னால் சொல்வது. அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் முகம் கழுவி வந்தவர் போல இருப்பார்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. யார் புது வண்டி எடுத்தாலும் ஊழியத்துக்குப் பிரதிஷ்டை செய்ய வேண்டும். பாஸ்டர் முதலில் ஹெட்லைட்டில் எண்ணெய் பூசுவார், அது தலை. பிறகு பெட்ரோல் டேங்க், அது இருதயம். கடைசியில் இரண்டு சக்கரத்துக்கும் ஊற்றுவார். “வண்டிக்குப் பாதம் சக்கரந்தான? பாதத்துக்கு அபிஷேகம் வேண்டாமா, ஆமென்?” என்பார். இது முழுக்க முழுக்க அவர் கண்டுபிடிப்பு. எண்ணெய் அறந்தாங்கி பிரதர் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த ஆலிவ் எண்ணெய். விலை ஒட்டிய பெரிய பாட்டிலை நானே பார்த்தேன். அதில் அத்தர் கலந்து சின்னப் புட்டிகளில் ஊற்றியதும் அது எருசலேம் எண்ணெய் ஆகிவிட்டது. பெரும்பாலும் எல்லோரும் வைத்திருந்தது பழைய வண்டிகள், சக்கரத்தில் எண்ணெய் வழிந்தாலும் ஒன்றும் ஆகாது. அறந்தாங்கி பிரதருடையது மட்டும் டிஸ்க் பிரேக் வண்டி. சக்கரத்தோடு சுற்றும் ஒரு இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்துத்தான் அந்த வண்டி நிற்கும், தட்டு காய்ந்து கிடக்க வேண்டும். அவர் வண்டிக்குப் பிரதிஷ்டை நடந்த அன்று, எல்லோரும் கண்ணை மூடி, யாருக்கும் புரியாத அந்நிய பாஷையில் ஜெபித்துக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் குத்தவைத்து உட்கார்ந்து கர்ச்சீப்பால் எதையோ அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். வண்டி மேல் அவ்வளவு ஆசை போலிருக்கிறது என்று நினைத்துச் சிரித்தேன்.

என் வீட்டுக்காரர் டிஸ்க் பிரேக் புல்லட் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். பிரதிஷ்டை ஞாயிற்றுக்கிழமை. பாஸ்டருக்கு என்ன உற்சாகமோ, குடியிலிருந்து வந்த மகனுக்கு இரட்டிப்பான அபிஷேகம் என்று சொல்லி, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் புட்டி புட்டியாகக் கவிழ்த்தார். மிச்சம் வைத்த ஒரு புட்டியை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். இவர் பரவசத்தில் கண்ணீர் விட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். துடைக்கத் தெரிந்தவர் அன்றைக்கு வரிசையின் கடைசியில் இருந்தார். ஊரைத் தாண்டி முந்திரிக்காடு ஆரம்பிக்கிற இடத்தில் ஆட்டுக்கூட்டம் ஒன்று குறுக்கே வந்தது. மற்றவர்கள் நின்றார்கள். இவர் நிற்கவில்லை. ஆடுகள் மேல் ஏற்றக் கூடாது என்று திருப்பியவர் புளியமரத்தில் மோதி, இடது முழங்கால் நொறுங்கிப் போனது.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: “பிரேக்க இறுக்கிப் பிடிச்சேன். பிடிக்கவே இல்ல. வழுக்கிக்கிட்டே போச்சு.” பாஸ்டர் வந்தார். தலையில் கை வைத்து ஜெபிக்கக் குனிந்தார். குனிந்தவர், என் கண் முன்னாலேயே, இவர் வாயை மோந்து பார்த்தார். கட்டிலுக்கு மறுபக்கம் நின்ற நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஒரு நாய்கூட அவ்வளவு நாசூக்கில்லாமல் மோந்து பார்க்காது. வாயில் மருந்து வாடை தவிர ஒன்றும் இல்லை. ஆனாலும் அடுத்த ஞாயிறு சபையில் அவர் பேசினாராம்: ஒரு பிரதர் ரகசியமாகப் பழைய பாவத்துக்குத் திரும்பினார், அபிஷேகத்தோடு விளையாடினார், ஆண்டவர் அவர் காலைத் தொட்டார். பெயர் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? ஆலங்குடியில் கால் உடைந்து கிடந்த பிரதர் ஒருவர்தானே.

நான் வீட்டுக்கு வந்து, கொண்டுவந்து போட்டிருந்த வண்டியிடம் போனேன். எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் பிரேக் தட்டில் தூசி சேறு போல ஒட்டியிருந்தது. விரலால் தொட்டு மோந்து பார்த்தேன். அத்தர். அதைத் தொட்ட பிறகுதான் கர்ச்சீப் ஞாபகத்துக்கு வந்தது. அந்த வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்துக்கு, வாழ்க்கையில் முதல்முறையாக, நானாகப் போனேன். எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொன்னேன்: “என் வீட்டுக்காரர் குடிக்கல. நீங்க ஊத்துன எண்ணெயிலதான் பிரேக் பிடிக்கல. வண்டி வீட்டுலதான் கெடக்கு, வந்து பாருங்க.” பாஸ்டர் கூலிங்கிளாஸுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். குரல் தேன் போல வந்தது. “சிஸ்டர், ஒங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா அபிஷேக எண்ணெய் மேல பழி போடாதீங்க. அது தூஷணம். பரிசுத்த ஆவிக்கு விரோதமாப் பேசாதீங்க.” நான் அறந்தாங்கி பிரதர் பக்கம் திரும்பினேன். “நீங்க சொல்லுங்க. நீங்க ஒங்க வண்டியில தொடச்சீங்களா இல்லையா?” அவர் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. பாஸ்டர் பாட்டை ஆரம்பித்தார், எல்லோரும் கை தட்டினார்கள்.

பாஸ்டரை நான் வெறுப்பதில் எனக்குச் சிரமமே இல்லை. பொய் சொல்லிப் பிழைக்கிறவரை வெறுக்க என்ன சிரமம்? ஆனால் தினமும் வந்து கேட்டைத் திறந்த அந்த மனுஷன் வாய் திறக்காமல் இருந்ததுதான் இன்னும் தொண்டையில் சிக்கிக்கொண்டிருக்கிறது. அவர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

இதில் பெரிய கூத்து, என் வீட்டுக்காரரே பாஸ்டரை நம்பியதுதான். அத்தர் வாடையை அவர் மூக்குக்கு நேராகவே காட்டினேன். “எண்ணெய் காரணமா இருந்தாலும், அதை ஆண்டவர் அனுமதிச்சிருக்காருல்ல? எங்கிட்ட ஏதோ இருந்திருக்கு” என்றார். என்ன இருந்திருக்கும் என்று வருடக்கணக்காகத் தேடினார். ஒருநாள் ஒரு சாராயக்கடையைக் கடந்தபோது திரும்பிப் பார்த்ததாகச் சொன்னார். இன்னொரு நாள், மேடையில் சாட்சி சொல்லும்போது கொஞ்சம் பெருமை வந்துவிட்டது என்றார். குடிக்க மட்டும் இல்லை, ஒரு சொட்டுகூட இல்லை. லோடு ஆட்டோவை விட்டுவிட்டுத் தேங்காய் மண்டியில் கணக்குப் பார்க்கப் போனார். காலை இழுத்து இழுத்து நடப்பார். டீக்கடையில் புதிதாக வந்தவனிடம், “குடிச்சிட்டு விழுந்தாருல்ல, அந்தப் பிரதரு” என்று அடையாளம் சொல்வார்கள். இவர் அதைக் கேட்டுக்கொண்டே டீயைக் குடித்துவிட்டு வருவார். எனக்கு அவர் மேலேயே ஆத்திரம் வரும். ஒரு மனுஷன் இவ்வளவு தூரமா முட்டாளாக இருப்பது!

இந்த வருடம், பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஆலங்குடிக்குள் நுழைகிற இடத்தில் ரோட்டை அடைத்துப் பைக்குகள். அதே சிறகு, அதே கோட்டு. கண்டக்டர் இறங்கிப் போய்த் திட்டிக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாஸ்டர் தலைக்குச் சாயம் அடித்திருந்தார். ரிப்பன் கட்டிய புது வண்டி ஒன்றுக்குப் பிரதிஷ்டை நடந்தது. தலைக்கு எண்ணெய், இருதயத்துக்கு எண்ணெய். பாதத்துக்கு வந்ததும் பாஸ்டர் நின்றார். பக்கத்திலிருந்து அறந்தாங்கி பிரதர், முழுக்க நரைத்துப் போயிருந்தார், மடித்த வெள்ளைத் துணி ஒன்றோடு முழங்கால் போட்டார். சக்கரத்தின் பிரேக் தட்டு மேல் துணியைப் போர்த்தி இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகுதான் பாஸ்டர் மட்கார்டில், அதுவும் பார்த்துப் பார்த்து, எண்ணெய் விட்டார். கூட்டம் கை உயர்த்தியது. பின் சக்கரத்துக்கும் அதே மாதிரி. முடிந்ததும் ஒரு அம்மா அந்தத் துணியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதையும் ஒரு சடங்கு ஆக்கிவிட்டார்கள்!

அவர்களுக்குத் தெரியும். அன்றைக்கே தெரிந்திருக்கிறது. சக்கரத்தைத் திருத்திக்கொண்டார்கள், பேச்சைத் திருத்தவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டைத் திறந்தேன், அலறியது. அவர் முன்னறையில் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன். கை நின்றது.

“மூடிக்கிட்டா ஊத்துறாங்க?”

“ஆமாங்க. துணியப் போட்டு மூடித்தான் ஊத்துறாங்க.”

“யாரு பிடிச்சது?”

“அறந்தாங்கி பிரதர்தான்.”

அவர் மடியில் கிடந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டார். பிறகு, என் வகுப்புப் பிள்ளைகள் அடி விழாது என்று தெரிந்த பிறகு கேட்பார்களே, அந்தக் குரலில் கேட்டார்: “அப்ப… நான் ஒண்ணும் பண்ணலல்ல?”

“இல்லீங்க. நீங்க ஒண்ணுமே பண்ணல.”

எழுந்தார். காலை இழுத்துக்கொண்டு அலமாரிக்குப் போய் அந்தப் புட்டியை எடுத்தார். உடைக்கப் போகிறார் என்று நினைத்து நான் ஒதுங்கி நின்றேன். அவர் வாசலுக்குப் போனார். கேட்டின் மேல் கீலில் பாதி, கீழ்க் கீலில் பாதி என்று சொட்டு மிச்சமில்லாமல் கவிழ்த்தார். கேட்டைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். சத்தமே இல்லை. வாசலெங்கும் அத்தர் வாடை.

“எண்ணெய் நல்லாத்தான் வழுக்குது, டீச்சரம்மா” என்றார்.