இருபதுக்கு இருபது

அந்த ஆஸ்பத்திரியின் ரத்தப் புற்றுநோய்ப் பிரிவில் எல்லாரும் அவளை 'லிஸ்ட் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பிரிவின் தலைவரான பெரிய டாக்டர் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையில் பேர் போனவர். அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியலைப் பத்தொன்பது வருஷமாகக் கட்டிக் காப்பவள் இவள். மொத்தம் நூற்றெண்பத்தேழு. எது எந்த வருஷம், எந்த இதழ், எத்தனையாம் பக்கம், யார் பெயர் முதலில் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். எந்த இதழாவது டாக்டரின் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டால், அவருக்கு முன்னால் இவளுக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஆனால் ஒரு வேடிக்கை, அத்தனையில் ஒன்றைக்கூட அவள் படித்ததில்லை. அவளுக்கு வேண்டிய விவரமெல்லாம் முதல் பக்கத்திலேயே இருந்தது. உள்ளே போய் என்ன செய்யப் போகிறாள்?

அன்று போகவேண்டி வந்தது. டாக்டருக்கு ஒரு பெரிய விருது கூடி வந்திருந்தது. பட்டியலோடு, சிறந்த ஐந்து கட்டுரைகளைப் பற்றி யாருக்கும் புரிகிற மாதிரி நாலு நாலு வரி எழுதி அனுப்பவேண்டுமாம். "நீயே எழுதிடும்மா, உனக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டு அவர் வார்டுக்குப் போய்விட்டார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாவது கட்டுரை ஒரு புது மருந்தைப் பற்றியது. மாற்று சிகிச்சை நடந்த நாளைப் பூஜ்யமாக வைத்து எண்ணினால், நூறாவது நாளில் இருபது நோயாளிகளில் இருபது பேரும் உயிரோடு. டாக்டரை ஊர் ஊராகப் போய்ப் பேச வைத்தது இந்த 'இருபதுக்கு இருபது'தான். இரண்டாம் பக்கத்தில் ஓர் அட்டவணை. பெயர் கிடையாது, எண் மட்டும். பதினொன்று: ஆண், வயது முப்பத்தொன்று. ஸ்டெம் செல் கொடுத்தவர் அக்கா, வயது முப்பத்தெட்டு. மூச்சுக் கருவி எண்பத்தொன்பதாம் நாள் முதல். நூறாவது நாள்: உயிருடன்.

அந்த அக்கா இவள்தான். தம்பி இறந்தது நூற்றியோராம் நாள் காலை.

நாலு வருஷத்துக்கு முந்தைய கதை. எண்பத்தொன்பதாம் நாள் நுரையீரல் கெட்டுப்போய், மூச்சுக் கருவிக்குக் குழாய் போடவேண்டும் என்றார்கள். "போதும்க்கா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு" என்றான் தம்பி. அவன் மனைவியும் அதையேதான் சொன்னாள். இவள் டாக்டரிடம் ஓடினாள். அவர் தோளில் கை வைத்து, "நூறு நாள் தாண்டட்டும்மா. தாண்டிட்டா உடம்பு வழிக்கு வந்துடும்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள். தம்பியிடம் மன்றாடிச் சம்மதிக்க வைத்தாள். அவன் மனைவியை, "சார் சொன்னா சரியா இருக்கும்" என்று வாயடைக்க வைத்தாள். நூற்றியோராம் நாள் டாக்டரே வந்து, "இனிமே பிரயோஜனம் இல்லம்மா, எடுத்துடலாம்" என்றபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். அன்றிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம், என் தம்பிக்காக எப்படிப் போராடினார் தெரியுமா என்று ஒரே பாராட்டுதான்.

கட்டுரையை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

"பதினொண்ணு என் தம்பிதானே சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நூறு நாள்ங்கறது நான் வெச்ச கணக்கு இல்லம்மா. உலகம் பூரா அப்படித்தான்."

"கணக்கை நான் கேக்கல. எண்பத்தொம்பதாம் நாளே தெரியுமா உங்களுக்கு, அவன் பிழைக்க மாட்டான்னு?"

"அந்தக் கட்டுரையாலதான் மருந்து இன்னைக்கு எத்தனையோ பேருக்குக் கிடைக்குது. எத்தனை பேர் பொழச்சிருக்காங்க!"

"தெரியுமா, தெரியாதா?"

ஒரு பொய் சொல்லியிருந்தால் அவள் அதையும் நம்பியிருப்பாள். அந்தப் பாவி மனுஷனுக்கு அதற்குக்கூட மனசு வரவில்லை.

"தெரியும்" என்றார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "லிஸ்ட் அஞ்சு மணிக்குள்ள போகணும்மா" என்றார்.

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று சொல்வார்கள். இவர் கத்தியை அவள் கையிலேயே கொடுத்து அறுக்க வைத்திருந்தார். நாற்காலியில் வந்து உட்கார்ந்து, மூன்றாவது கட்டுரைக்கு நாலு வரி எழுதினாள்:

'நூறாவது நாளில் இருபது பேரும் உயிரோடு இருந்தார்கள். பதினோராம் நோயாளி எண்பத்தொன்பதாம் நாளே போதும் என்றார். பிழைக்க மாட்டார் என்று தெரிந்தும், நூறாவது நாள்வரை மூச்சுக் கருவியில் வைத்திருந்தார்கள். மறுநாள் எடுத்துவிட்டார்கள்.'

அவரிடம் காட்டாமல் அனுப்பிவிட்டாள். வேலை போகும் என்று தெரியும். அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. பெரிய வேலை இனிமேல்தான் இருந்தது. தம்பி மனைவிக்கு போன் போட்டாள்.

"என்ன அண்ணி, ஆபீஸ் நேரத்துல?"

"அன்னைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்னு சொன்னியே."

"அதை எதுக்கு இப்போ? நீங்க பிடிவாதமா நின்னதாலதான் பன்னெண்டு நாள் கூட இருந்தார். முடிஞ்சதெல்லாம் செஞ்சோம்ங்கற திருப்தியாவது மிஞ்சியிருக்கு. அந்தத் திருப்தியிலதான் நான் தூங்கறேன் அண்ணி."

மறுமுனையில் யாரோ அவளை வேலைக்குக் கூப்பிடுவது கேட்டது. "வெச்சிடாத" என்றாள் இவள். "அந்தப் பன்னெண்டு நாள் அவனுக்காக இல்லம்மா. அவங்களோட இருபதுக்காக. நான்தான் அவனைப் பிடிச்சுக் கொடுத்தேன்."